ஹாண்டிலை உயர்த்த முதல்

2015இல் பஜாஜ் அவெஞ்சரை ஸ்ரீட், குறூஸ் என்று பிரித்து விட்டது. ஸ்ரீட்டின் ஹாண்டில் பதிஞ்சது, குறூஸின்ர உயர்ந்தது. எங்கட பெடியள் கனபேரிட்டை நிற்கிறது ஸ்ரீட். ஆசையெல்லாம் குறூஸின் ஹாண்டிலில். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025இல்தான் திறந்தது. இருக்கிறதைத்தானே மாத்த ஏலும்?

உயர்த்தினால் முதுகு நிமிரும், படத்துக்கும் வடிவுதான். ஆனால் சில கராஜ்களில் பழைய கேபிளையே இழுத்துப் பூட்டிவிடுகிறார்கள். ஹாண்டிலை முழுக்கத் திருப்பினால் அக்சிலேட்டர் கேபிள் இறுகி, நாங்கள் முறுக்காமலே எஞ்சின் இரையும். பிறேக் ஹோசும் இழுபடும். பண்ணைப் பாலத்தில் பக்கக் காற்று நெஞ்சில் அடிக்கிற நேரம் இது விளையாட்டில்லை. பூட்டினதும் நியூற்றலில் ஸ்ராட் பண்ணி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்கிறோம். சத்தம் மாறினால் நீளக் கேபிள் போடாமல் வெளிக்கிடுவதில்லை, அந்த மாசத்து மகாபொல அதோடை போனாலும்.