முகம் திருச்சி, பாஸ்போர்ட் லண்டன்!

சீனாவில் 'வெளிநாட்டு இங்கிலீஷ் வாத்தியார்' என்றால் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். தங்க நிறத் தலைமுடி, நீலக் கண், ஆறடி உயரம். என்னிடம் இருந்தது பிரிட்டிஷ் பாஸ்போர்ட், லண்டன் டிகிரி, இங்கிலீஷ் சொல்லித்தரப் படித்த சர்டிபிகேட். முகம் மட்டும் அசல் உறையூர்!

2016 ஆகஸ்டில் சிச்சுவான் மாகாணத்துத் தலைநகர் செங்டுவில் போய் இறங்கினேன். எனக்கு இருபத்து மூன்று வயசு. வேலை கொடுத்த டியூஷன் சென்டரின் (பேர் வேண்டாமே!) மேனேஜரம்மா பாஸ்போர்ட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி பாஸ்போர்ட்டைப் பார்த்தார். ஒரு வாரம் கழித்து வாசலில் பெரிய போஸ்டர். கீழே என் பேர். மேலே சிரிப்பவனோ யாரோ வெள்ளைக்கார மாடல்! கேட்டால், "பெற்றோர்கள் எதிர்பார்ப்பார்கள் இல்லையா?" என்றார், ரொம்ப மரியாதையாக. நல்லவேளை, சம்பளத்தை அவனுக்கு அனுப்பவில்லை!

லண்டனிலிருந்து அம்மா தினமும் போன். "பாம்பு கீம்பு போடறாங்களாடா?" பாம்பெல்லாம் இல்லைம்மா, 'ஹுவாஜியாவ்' போடுகிறார்கள். மிளகு மாதிரி இருக்கும். மிளகு ஜாதி இல்லை, எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. கடித்தால் பல் டாக்டர் ஊசி போட்ட மாதிரி நாக்கு மரத்துப் போகும். அதன்மேல் மிளகாய்க் காரம். இந்த ஜோடிக்கு 'மாலா' என்று பேர். ஆந்திராக்காரரே தண்ணீர் கேட்பார். கேட்டால் வெந்நீர்தான் வரும்! பள்ளிக்கூடம், ரயில், ஆபீஸ் எங்கே போனாலும் வெந்நீர்தான். தலைவலியா, மனசு சரியில்லையா, "வெந்நீர் குடி" என்பார்கள்.

பாஷை? 'மா' என்பதை நாலு ராகத்தில் சொன்னால் அம்மா, சணல், குதிரை, திட்டு என்று நாலு அர்த்தம். ஆனால் நமக்கு ஒரு சௌகரியம் உண்டு. பீஜிங் பேச்சில் 'மனிதன்' என்பதற்குக் கிட்டத்தட்ட 'ழென்' என்பார்கள். நம்ம ழகரமேதான்! கூட வந்த லண்டன் பையன்கள் நாக்கைச் சுளுக்கிக்கொள்ள, நான் 'யின்துழென்' (இந்தியன்) என்று ஜோராகச் சொல்வேன். வேடிக்கை என்னவென்றால், செங்டு ஆட்களுக்கே அந்த ழ வராது, 'ஸென்' என்பார்கள். நம்மூர் 'வாளப்பளம்' மாதிரிதான்!

ஞாயிற்றுக்கிழமைகளில் மக்கள் பூங்காவுக்குப் போவேன். மூங்கில் நாற்காலி, மூடி போட்ட கிண்ணத்தில் டீ. பக்கத்தில் ஒருவர் காது குடைந்து விடுவார், காசுக்கு. நான் இந்திய வம்சம் என்று தெரிந்ததும் பெரியவர்கள் ராஜ்கபூரின் 'ஆவாரா' பாட்டை முணுமுணுப்பார்கள். 2017 மே மாதம் அமீர்கானின் 'தங்கல்' அங்கே ரிலீஸாகி வசூலை அள்ளியதும் டீக்கடையில் என் மவுசு ஏறியது. சென்டரில் ஏறவில்லை.

ஒப்பந்தம் முடிந்ததும், அந்த செப்டம்பரில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்தேன். வகுப்புக்கு 52 பிள்ளைகள். விடிந்ததிலிருந்து ராத்திரி வரை படிப்பு. மதியம் மேஜையில் தலை வைத்து ஒரு குட்டித் தூக்கம். எல்லாம் 'காவ்காவ்' என்ற கல்லூரி நுழைவுத் தேர்வுக்காக. மொத்தம் 750 மார்க்; அதில் இங்கிலீஷுக்கு 150. நான் எடுத்ததோ பேச்சு இங்கிலீஷ். அந்த 150-இல் பேச்சுக்கு மார்க் கிடையாது. ஆகவே என் பீரியடில் மேஜைக்குக் கீழே கணக்கு நோட்டு திறந்துவிடும். பாவம், அவர்களைச் சொல்லி என்ன பயன்!

ஒரு நாள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். மலைக் கிராமத்துப் பெண். அப்பா, அம்மா குவாங்டாங்கில் ஃபாக்டரி வேலை; பாட்டி வளர்த்தவள். அதுவரை வாயே திறந்ததில்லை.

"லாவ்ஷி, இங்கிலீஷ் உங்க அம்மா பாஷையா?"

வகுப்பு நிமிர்ந்தது. "இல்லை" என்றேன். அங்கே அதைச் சொல்லக் கூடாது. வாத்தியாரின் விலையே அதில்தான் இருக்கிறது. ஆனாலும் சொன்னேன். திருச்சியில் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டுப் பத்து வயசில் லண்டன் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்ததை, பாத்ரூம் போக எப்படிக் கேட்பது என்று தெரியாமல் மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்ததை, எல்லாம் சொன்னேன். சிரித்தார்கள். கணக்கு நோட்டுகள் மூடின.

அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. "அப்படின்னா இது கத்துக்க முடிகிற விஷயம்தானா?" என்றாள்.

சார், யாரும் என்னை இவ்வளவு உருப்படியாகக் கேள்வி கேட்டதில்லை. பிறக்கும்போதே இங்கிலீஷோடு பிறந்தவன், கரையிலிருந்தபடி நீந்தச் சொல்லித் தருவான். தண்ணீர் குடித்துக் கரையேறியவனுக்குத்தான் எந்த இடத்தில் கால் எட்டாது என்று தெரியும். அதற்கப்புறம் தினமும் மதியத் தூக்கத்தில் பத்து நிமிஷத்தைத் தியாகம் செய்து என்னோடு பேசிப் பழகினாள்.

2018 ஜூன் 7. தேர்வு மையத்து வாசலில் அதிர்ஷ்டத்துக்காகச் சிவப்புச் சீன கவுன் போட்ட தாய்மார்கள் கூட்டம். அவளுக்கு யாரும் வரவில்லை. நான் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு போய் நின்றேன். இங்கிலீஷில் 121 வாங்கினாள்.

2021 ஜூலையில் பள்ளிப் பாட டியூஷன் வியாபாரத்துக்கு அரசு கடிவாளம் போட்டது. என் பழைய சென்டரும் மூடிவிட்டதாம். அவளோ ஆசிரியர் பயிற்சி முடித்து, சொந்த ஊர்ப் பக்கத்துப் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். ஒவ்வொரு செப்டம்பர் 10-ஆம் தேதியும், அங்கே ஆசிரியர் தினத்தன்று, லண்டனில் என் போன் கிணுகிணுக்கும். முதல் வருஷம் எழுதியிருந்தாள்: "லாவ்ஷி, முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன், இங்கிலீஷ் எங்க அம்மா பாஷையும் இல்லை என்று."

கூடவே ஒரு வரி: "குளிர் வந்துவிட்டது. வெந்நீர் குடியுங்கள்!"