எந்த மாளிகையில் தங்குவது?

சென்ற மாதம் நமது வீட்டுக் கூடத்தில் ஒரு மகாநாடு கூடிற்று. எண்பது வயது பூர்த்தியான நமது தகப்பனாரை ஒரு பெரிய ஹோட்டலில் இரண்டு ராத்திரி தங்க வைப்பதென்று தீர்மானம். எந்த ஹோட்டல் என்பதுதான் விவாதம். இதற்கென்று இரண்டு வருஷமாகப் பணம் சேர்த்து வந்தோம்.

இந்த ஆசைக்குக் காரணம் உண்டு. வெகு காலத்துக்கு முன், ஒரு பெரிய விடுதியில் நடந்த சிநேகிதர் வீட்டு விருந்துக்கு அவர் வேஷ்டியும் அங்கவஸ்திரமுமாகப் போனார். வாசற்காரன் உள்ளே விடவில்லை. வீடு திரும்பி, மோர்சாதம் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக் கொண்டார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வேஷ்டி கட்டியவரைத் தடுக்கலாகாது என்று தமிழ்நாட்டில் சட்டம் பிறந்தது 2014-ல்தான். அந்தச் செய்தியை அவர் இரண்டு தடவை படித்ததை நாம் கவனித்தோம்.

நமது இல்லத்தரசியின் வோட்டு உதயபுரிக்கு. பிச்சோலா ஏரியின் நடுவே, நாலு ஏக்கர் தீவு முழுவதையும் அடைத்துக்கொண்டு, வெண்ணிறமாய் மிதக்கிறது ஜக் நிவாஸ். மகாராணா இரண்டாம் ஜகத்சிங் 1746-ல் கட்டி முடித்த வேனில் மாளிகை, 1963 முதல் ஹோட்டலாயிற்று. படகில்தான் போகவேண்டும். சந்தியா காலத்தில் அங்கே நிலவும் நிசப்தத்தை வர்ணிக்க முடியாது. ஆனால் அது புதுமணத் தம்பதிகளுக்கு ஏற்ற நிசப்தம். பேச்சுத் துணை தேடும் கிழவருக்கு இரண்டாம் நாளே அலுத்துவிடும். தவிர, படகில் ஏறி இறங்க முழங்கால் வேண்டுமே!

நமக்கு மைசூர் லலித மஹாலிடம் ஒரு சபலம். சாமுண்டி மலையைப் பார்த்தபடி, லண்டன் ஸெயின்ட் பால் தேவாலயத்தின் சாயலில் குவிமாடம் தூக்கி நிற்கும் கட்டடம். நாலாம் கிருஷ்ணராஜ உடையார் 1921-ல் அஸ்திவாரமிட்டார். விசாலமான தாழ்வாரங்கள், பழைய காலத்து மின்தூக்கி, அவசரமே இல்லாத ஊழியர்கள் - ஜமீன்தார் வீட்டுக்கு விருந்தாளியாகப் போன மாதிரி இருக்கும்.

மும்பாய் தாஜ்மஹாலின் சூழ்நிலையே வேறு. அங்கே உலகமே வந்து போய்க்கொண்டிருக்கிறது. ஜாம்ஷெட்ஜி டாட்டா அதைத் திறந்தது 1903 டிஸம்பரில்; மறு வருஷமே காலமாகிவிட்டார். இந்தியர் என்பதால் வேறொரு விடுதியில் அவருக்கு இடம் மறுத்ததாகவும், அந்த ரோஷத்தில் இதை எழுப்பியதாகவும் ஒரு கதை வழங்குகிறது. சரித்திரக்காரர்கள் அதை முழுதும் ஒப்புவதில்லை. எதிரே நிற்கும் 'இந்தியாவின் வாயில்' திறக்கப்பட்டது 1924-ல். ஆகவே வீடு முதலில், வாசல் பிறகு! அந்த வாயில் வழியாகத்தான் கடைசி பிரிட்டிஷ் பட்டாளம் 1948 பிப்ரவரியில் கப்பலேறிற்று. 2008 நவம்பரில் பயங்கரவாதிகள் புகுந்து உயிர்களைப் பறித்துத் தீயும் வைத்தார்களே, அந்தப் பழைய பகுதி செப்பனிடப்பெற்று 2010 சுதந்திர தினத்தன்று முழுமையாகத் திறந்தது.

ஒரு மாலை அங்கே கடலைப் பார்த்து உட்கார்ந்து தேநீர் அருந்தினோம். விலையைச் சொன்னால் நேயர்கள் நம்மை மன்னிக்கமாட்டார்கள். அடுத்த மேஜையில் வேஷ்டி கட்டிய ஒரு பெரியவர் பேரனுக்கு பிஸ்கோத்தை நனைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இதையெல்லாம் எடுத்துரைத்தோம். தகப்பனார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"மைசூர் மாளிகையை யாருக்காகக் கட்டினார்களாம்?"

"வைஸ்ராய் வந்தால் தங்குவதற்கு, அப்பா."

"அந்த வீட்டில் நமக்கென்ன வேலை?" என்றார்.

"உதயபுரி, மாமா?" என்று இல்லத்தரசி மெதுவாக ஆரம்பித்தாள்.

"நீங்கள் இரண்டு பேரும் போய்விட்டு வாருங்கள், அம்மா."

சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு, "அந்தப் பெரியவர் கட்டியிருந்தது எட்டு முழமா, பஞ்சகச்சமா?" என்று விசாரித்தார். எட்டு முழம் என்றோம்.

மறுநாள் காலையில் பெட்டியைத் திறந்து, மயில்கண் வேஷ்டியை எடுத்துச் சலவைக்குப் போட்டுவிட்டு வந்தார்.