பின்னாடி உட்காருபவரின் கால்

உங்கள் பைக்கின் பின் சீட்டில் நீங்கள் கடைசியாக எப்போது உட்கார்ந்தீர்கள்? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நம்மில் பலருக்கு "உட்கார்ந்ததே இல்லையே" என்பதுதான் பதிலாக இருக்கும். வண்டி நம்முடையது, சாவி நம் பாக்கெட்டில். பின்னாடி உட்காருவது எப்போதும் வேறு யாரோ.

இதனால் ஒரு வேடிக்கை நடக்கிறது. கிளட்ச் கேபிள் கொஞ்சம் இறுகினாலும் நமக்குத் தெரியும். செயின் தளர்ந்தால் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவோம். ஆனால் பின்னாடி இருக்கும் ஃபுட்ரெஸ்ட் ஆடினாலோ, வழுக்கினாலோ, ஓட்டுகிற நமக்குத் தெரியவே தெரியாது. ஏனென்றால் அதன் மேல் நம் கால் படுவதே இல்லை. அப்படிப்பட்ட பாகத்தைத்தான் நாம் லுக்குக்காக முதலில் மாற்றுகிறோம்!

நம்ம காலேஜ் பார்க்கிங்கில் ஒரு ரவுண்டு நடந்து பாருங்கள். புது வண்டி வந்த ஒரு மாதத்துக்குள் சாரி கார்டு காணாமல் போயிருக்கும். அடுத்தது பின்பக்க ஃபுட்ரெஸ்ட். கம்பெனி கொடுத்த ரப்பர் வைத்த இரும்புத் துண்டு போய், சிவப்பிலோ தங்க நிறத்திலோ பளபளக்கும் குட்டையான அலுமினியப் பெக் வந்திருக்கும். பின்னால் நின்று பார்த்தால் கெத்துதான், மறுக்கவில்லை. அதே வரிசையில் யாரோ ஒருவரின் அப்பா ஓட்டிய பழைய ஸ்பிளெண்டரும் நிற்கும். அதன் இடது பக்கம் சாரி கார்டோடு சேர்ந்தே ஒரு கால் வைக்கும் தட்டு இருக்கும். அது எதற்கு என்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருப்போம்?

நான் யோசித்தது எங்கள் அம்மாவால்தான்.

எங்கள் வீட்டுக்கு வந்த வண்டி செகண்ட் ஹேண்ட், 150 சிசி. முதல் ஓனர் சாரி கார்டைக் கழற்றிவிட்டு, அந்த மாதிரி சின்ன அலுமினியப் பெக்கைப் போட்டிருந்தார். சேலையூரிலிருந்து கேம்ப் ரோடு வழியாகக் கிழக்குத் தாம்பரம், அங்கிருந்து மேற்கே சண்முகம் ரோடு மார்க்கெட். வாரம் ஒருமுறை அம்மாவோடு இந்த டிரிப். அம்மா சேலையில், ஒரு பக்கமாகத்தான் உட்காருவார். இரண்டு காலும் இடது பக்கம். ஆனால் பெக்கில் இடம் ஒரு காலுக்குத்தான், அதுவும் பாதி பாதத்துக்கு. இன்னொரு கால் சும்மா தொங்கும்.

இரண்டு மாதம் அம்மா எதுவும் சொல்லவில்லை. பிறகு ஒருநாள், "நீ படிப்பா, நான் ஷேர் ஆட்டோல போய்க்கறேன்" என்றார். அடுத்த வாரமும் அதே. இதைக் கவனியுங்கள். பின்னால் உட்காருகிற பெரியவர்கள் "பயமா இருக்கு" என்று சொல்லவே மாட்டார்கள். உங்களைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று, பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போக ஆரம்பித்துவிடுவார்கள். கேட்டுக் கேட்டுத்தான் விஷயம் வந்தது. மழை பெய்திருந்த ஒருநாள் ஸ்பீடு பிரேக்கரில் ரப்பர் செருப்பு பெக்கிலிருந்து வழுக்கியிருக்கிறது. சேலையின் ஓரம் பெக்கின் பற்களில் மாட்டி இழுத்திருக்கிறது. பக்கத்திலேயே சுற்றுகிற சக்கரம், நடுவில் மறைப்பு எதுவும் இல்லை.

இதெல்லாம் சும்மா அம்மாக்களின் கவலை என்று நினைக்க வேண்டாம். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் 123ஆம் விதி இதைத்தான் பேசுகிறது. ஒவ்வொரு மோட்டார் சைக்கிளிலும் பின்னால் உட்காருபவர் பிடித்துக்கொள்ள நிரந்தரக் கைப்பிடி, கால் வைக்க ஃபுட்ரெஸ்ட், உடை சக்கரத்தில் சிக்காதபடி பின் சக்கரத்தில் குறைந்தது பாதியை மறைக்கும் பாதுகாப்பு ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். நாம் கழற்றி வீசும் சாரி கார்டு அந்த மூன்றாவது. வெளிநாட்டு டிசைனில் வரும் கே.டி.எம். டியூக்கிலும் இங்கே சாரி கார்டு மாட்டி விற்பது இதனால்தான். சேலைக்கு மட்டுமில்லை, துப்பட்டாவுக்கும் வேட்டிக்கும் ரெயின்கோட்டுக்கும் அதே சக்கரம்தான்.

சரி, மாற்ற வேண்டும் என்று முடிவானது. எதைப் போடுவது? இங்கேதான் நாம் இன்ஜினியரிங் படிப்பதற்குக் கொஞ்சம் பலன் கிடைக்கிறது.

முதலில் பெக் எப்படி நிற்கிறது என்று பாருங்கள். வண்டியின் ப்ராக்கெட்டில் இரண்டு காதுகள். நடுவில் பெக்கின் நாக்கு. குறுக்கே ஒரு இரும்புக் குச்சி, மெக்கானிக் பாஷையில் 'பின்'. அது கழன்று வராமல் கீழே ஒரு காட்டர் பின் அல்லது லாக். பெக்கை விரித்தால் அதன் அடிப்பகுதி ப்ராக்கெட்டில் முட்டி நிற்கும். அந்த முட்டுதான் சுமையைத் தாங்க வைக்கிறது.

இப்போது ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்ஸ் கணக்கு ஒன்று. 60 கிலோ எடையுள்ள ஒருவர் பள்ளத்தில் எழும்பும்போது முழு எடையையும் ஒரே பெக்கில் போடுகிறார் என்று வையுங்கள். அவர் கால் குச்சியிலிருந்து 80 மி.மீ. தள்ளி இருக்கிறது. முட்டும் இடம் குச்சிக்குக் கீழே 15 மி.மீ. தூரத்தில். அப்போது குச்சியில் வரும் இழுவிசை 60 × 80 ÷ 15, அதாவது 320 கிலோ எடைக்குச் சமம். இது அசையாமல் நிற்கும்போது. பள்ளத்தில் 'டங்'கென்று இறங்கினால் இன்னும் ஏறும். மழைக்காலத்தில் முடிச்சூர் ரோட்டில் போனவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நல்ல 8 மி.மீ. ஸ்டீல் குச்சிக்கு இந்தச் சுமை பெரிய விஷயமே இல்லை. பிரச்சினை வேறு இடத்தில் வருகிறது. 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்று விற்கிற பெக்கின் ஓட்டை 8 மி.மீ., கையில் கிடைத்த போல்ட் 6 மி.மீ. என்றால் 2 மி.மீ. ஆட்டம். குச்சிப் பக்கத்தில் 2 மி.மீ.தானே என்று தோன்றும். அதே 80-க்கு 15 விகிதத்தில் பார்த்தால், பெக்கின் வெளிப்பகுதி ஏறக்குறைய 1 செ.மீ. தொங்கிவிடும். கீழ்நோக்கிச் சாய்ந்த பெக்கில், ஈரச் செருப்போடு கால் எப்படி நிற்கும்? ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த ஆட்டம் சுத்தியல் அடி மாதிரி ஓட்டையை இன்னும் பெரிதாக்கும். அதனால் கடைக்குப் போகும்போது லேபில் பழகிய வெர்னியரை நினைத்துக்கொள்ளுங்கள். குச்சியின் விட்டம், நாக்கின் தடிமன், காதுகளுக்கு நடுவில் உள்ள இடைவெளி ஆகிய மூன்றையும் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். பழைய பெக்கையே கையில் எடுத்துப் போனால் இன்னும் நல்லது.

தாம்பரத்திலேயே ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் நிறைய. அங்கே கிடைக்காவிட்டால் எலக்ட்ரிக் டிரெயினில் எழும்பூர் இறங்கி, புதுப்பேட்டை. புதுசுதான் வேண்டும் என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. நான் பார்த்தவற்றைச் சொல்கிறேன்.

ஒன்று, அதே கலர் அலுமினியப் பெக். அலுமினியம் என்றாலே மோசம் என்று சொல்ல மாட்டேன். 6061 டி6 என்ற கலவை, சாதாரண மைல்ட் ஸ்டீலுக்குக் குறையாத வலிமை உள்ளது. ஆனால் கடையில் இருக்கும் துண்டு உண்மையில் அதுதானா, அல்லது அச்சில் வார்த்து மேலே கலர் பூசியதா என்று 'சிஎன்சி' என்ற எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. தவிர, மெட்டீரியல் சயன்ஸில் படித்த எஸ்-என் வளைவை நினைவுபடுத்துங்கள். ஸ்டீலுக்குத் தெளிவான ஃபெட்டீக் லிமிட் உண்டு, அலுமினியத்துக்கு அப்படிக் கிடையாது. எங்களுக்கு அதைவிடப் பெரிய சிக்கல் அதன் பற்கள். ரைடிங் பூட்ஸுக்கு அந்தப் பற்கள் அருமையான பிடிப்பு. ரப்பர் செருப்புக்கும் சேலைக்கும் அவை எதிரி.

இரண்டு, பெக்கைக் கீழே இறக்கும் ப்ராக்கெட். என்னோடு காலேஜுக்கு வரும் நண்பன் ஆறடி. பின்னால் உட்கார்ந்தால் முழங்கால் மடங்கி, வெட்டுக்கிளி மாதிரி இருப்பான். அவனுக்கு இது நல்ல யோசனையாகத் தெரிந்தது. மாட்டாமல் கையில் வைத்துப் பிடித்துப் பார்த்தோம். வலது பக்கம் அவன் குதிகால் சைலன்சருக்கு மிக அருகே வந்தது. ஷூ உருகும், வெறும் கால் பட்டால் தோல் போகும். எங்கள் வண்டிக்கு வேண்டாம் என்று விட்டோம்.

மூன்று, மடங்காத கட்டைப் பெக். இதைத் தொடவே வேண்டாம். வண்டி சாய்ந்து விழுந்தால் பின்பக்கப் பெக் மடங்கிக் கொடுக்க வேண்டும். மடங்காவிட்டால் அது ப்ராக்கெட்டையும் வளைக்கும், நடுவில் மாட்டிய காலையும் விடாது.

கடைசியில் வாங்கியது ரப்பர் மூடிய, நீளமான ஸ்டீல் பெக் ஒரு ஜோடி, கூடவே கால் தட்டோடு வரும் சாரி கார்டு. பெக் நண்பனுக்கு, தட்டு அம்மாவுக்கு. ஒரே வண்டிதான், ஆனால் பின் சீட்டுக்காரர்கள் இரண்டு பேர், இரண்டு விதமாக உட்காருகிறார்கள். இருபக்கமும் கால் போட்டு உட்காருவதுதான் பத்திரம் என்பது எனக்கும் தெரியும். அதற்காக அம்மாவின் சேலையையும் பழக்கத்தையும் ஒரே நாளில் மாற்றச் சொல்வதைவிட, இரண்டு காலையும் வைக்க ஒரு இடம் கொடுப்பது சுலபம்.

மாட்டுவது அரை மணி நேர வேலை. சென்டர் ஸ்டாண்டு போட்டு, சமமான தரையில் நிறுத்துங்கள். காட்டர் பின்னை நோஸ் பிளையரால் நிமிர்த்தி இழுங்கள். குச்சியை வெளியே தள்ளும்போது இன்னொரு கையால் பெக்கை மூடிப் பிடியுங்கள். சில வண்டிகளில் பெக்கை மடக்கிய இடத்தில் நிறுத்த உள்ளே ஒரு சின்ன உருண்டையும் ஸ்பிரிங்கும் இருக்கும். பறந்து போனால் தெரு முழுக்கத் தேடணும். காதுகளைத் துடைத்து, வெடிப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். குச்சிக்குக் கொஞ்சம் கிரீஸ். இடது, வலது பெக்குகளின் முட்டும் கோணம் வேறு வேறாக இருக்கலாம், மாற்றிப் போடாதீர்கள். இடைவெளி இருந்தால் வாஷர் கொடுங்கள். பழைய காட்டர் பின்னைத் திரும்பப் போடவே கூடாது. புதுசு போட்டு, இரண்டு காலையும் விரித்து மடக்குங்கள். குச்சிக்குப் பதில் போல்ட்தான் என்றால், சுமை தாங்கும் இடத்தில் மரை இல்லாத வழவழப்பான பகுதி வருகிற போல்ட், கூடவே நைலாக் நட்.

மாட்டியதும் நேராக ரோட்டுக்குப் போகாதீர்கள். பெக் முழுதாக மடங்கி விரிகிறதா, விரித்தால் தொங்காமல் நிற்கிறதா, சைலன்சருக்கும் காலுக்கும் இடைவெளி இருக்கிறதா, சாரி கார்டு செயினையும் டயரையும் தொடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், யாருக்காக மாட்டினீர்களோ அவரை உட்கார வைத்து, வழக்கமான செருப்போடு, பெக்கை அழுத்தி எழும்பச் சொல்லுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டையும் இன்னொரு தடவை தொட்டுப் பாருங்கள்.

அம்மா உட்கார்ந்து, இரண்டு காலையும் தட்டில் வைத்து, "இது இருந்திருந்தா அன்னிக்கே வந்திருப்பேனே" என்றார். இப்போது மார்க்கெட்டுக்கு ஷேர் ஆட்டோ இல்லை. தேங்காய் மூட்டை வரைக்கும் என் தலையில்தான்!

நீங்கள் புதுசாக எதுவும் வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இந்த வாரம் ஒரு ஐந்து நிமிஷம் ஒதுக்குங்கள். நண்பனை ஓட்டச் சொல்லி, உங்கள் வண்டியின் பின் சீட்டில் நீங்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள். பெக்கைக் கையால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். பரணில் கிடக்கும் சாரி கார்டைத் தூசி தட்டுங்கள். வழக்கமாகப் பின்னால் உட்காருபவரிடம் "கால் வசதியா இருக்கா?" என்று கேளுங்கள். "பரவால்லப்பா" என்று பதில் வந்தால், அது சரியில்லை என்று அர்த்தம். ஸ்பேனரை எடுங்கள்.