எண்ணெய் எங்கிருந்து வந்தது?

டீசல் வண்டி வைத்திருப்பவனுக்குப் புகையின் நிறம் தெரிந்திருக்க வேண்டும். கருப்பாகக் கக்கினால் டீசல் அதிகம், காற்று குறைவு; ஏர் ஃபில்டரைத் தட்டிப் பார்க்கலாம், நாசிலைக் கழற்றிக் காட்டலாம். குளிர்ந்த காலையில் கொஞ்ச நேரம் வெள்ளையாக வந்தால் பயமில்லை. வெள்ளை நிற்காமல், ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்பட வேண்டும். நீலம் வந்தால்தான் வயிற்றைக் கலக்கும். எஞ்சின் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங், போர் வேலை என்று மெக்கானிக் ஆரம்பித்தால் வீட்டில் நகை அடகுக்குப் போகும்.

எனக்கு நீலம்தான் வாய்த்தது. தொண்ணூறுகளில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஒரு பழைய பிக்கப்பில் மளிகையும் உரமும் ஏற்றிப்போய், கேரட்டும் முட்டைக்கோஸுமாக இறங்கி வருவேன். என்ன கம்பெனி வண்டி என்று கேட்காதீர்கள். என் கைக்கு வருமுன்பே பலர் ஓட்டித் தேய்த்த வண்டி அது; செய்தவன் மேல் குற்றமில்லை. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்துக்கு மேல் 330 மீட்டர்தான். குன்னூர் 1,700-க்கும் மேலே. பர்லியாறு தாண்டிய ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் எஞ்சின் மட்டும் கத்தும், வண்டி நகராது. கருகல் நாற்றம் கேபினுக்குள் ஏறும். சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லிவிடுவேன் என்று அந்த வயதில் எனக்கொரு நினைப்பு. அதைக் கேட்டுத் தலையாட்ட டீக்கடையில் ஆளும் இருந்தார்கள். டீக்காசு யார் கொடுத்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரு ஒர்க்ஷாப்பில் கிளட்ச் பிளேட் மாற்றிக் கொடுத்தார்கள். சில மாதத்தில் மறுபடியும் வழுக்கியது. "காயலான் கடையில தள்ளிருங்க மாமா" என்றான் மச்சினன். கடைசியாகக் காரமடைப் பக்கம் ஒரு பாய் இருக்கிறார், போய்ப் பாருங்கள் என்று யாரோ சொன்னார்கள்.

பாய் ஸ்பேனரைத் தொடவே இல்லை. டீ வரவழைத்தார். ஆயில் எவ்வளவு குடிக்கிறது, கிளட்ச் பெடலில் கால் வைத்தபடியே ஓட்டுவேனா என்று நிதானமாகக் கேட்டார். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, மூன்றாவது கியரில் கிளட்சை மெதுவாக விடச் சொன்னார். ஒழுங்கான கிளட்ச் என்றால் எஞ்சின் அப்போதே நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. "கழட்டின பழைய பிளேட் இருக்கா தம்பி?" சீட்டுக்குப் பின்னால் கிடந்தது. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தார்.

"இது தேஞ்சு போகலை, நனைஞ்சு போயிருக்கு. இந்த எண்ணெய் எங்கிருந்து வந்துச்சு?"

அதுவரை யாரும் கேட்காத கேள்வி. கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க சீல் கசிந்து, ஆயில் கிளட்சுக்குள் இறங்கியிருக்கிறது. பாய் அதோடும் நிற்கவில்லை. சீல் ஏன் விட்டது? எஞ்சினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தார். குபுகுபுவென்று புகை. பேக் கம்ப்ரஷன், எஞ்சின் போச்சு என்று எவரும் சொல்லிவிடக்கூடிய இடம் அது. அவர் நாசில்களைக் கழற்றிக் கம்ப்ரஷன் கேஜ் வைத்தார். நல்ல டீசல் எஞ்சின் சதுர சென்டிமீட்டருக்கு 25, 30 கிலோ காட்டும். நான்கு சிலிண்டரிலும் முள் கிட்டத்தட்ட ஒரே இடத்தில், நல்ல உயரத்தில் நின்றது.

பிறகுதான் பிரீதர் குழாயை உருவினார். உள்ளே தார் மாதிரி கசடு, கம்பி கூடப் போகவில்லை. எந்த எஞ்சினிலும் பிஸ்டனைத் தாண்டிக் கொஞ்சம் காற்று கீழே இறங்கத்தான் செய்யும். அது வெளியேற அந்தக் குழாய்தான் வழி. "குக்கர்ல விசில் அடைச்சுக்கிட்டா என்ன ஆகும்? அதேதான்." வழி அடைபட்ட காற்று ஆயிலை மேலே தள்ளியதில் நீலப் புகை, பின்னால் தள்ளியதில் கிளட்ச் வழுக்கல். இரண்டு நோய் என்று நாங்கள் தனித்தனியாக அழுதுகொண்டிருந்தோம்.

முன்பு பார்த்த மெக்கானிக்கை நான் ஏதோ திட்டத் தொடங்கினேன். பாய் கையமர்த்தினார். "கிளட்ச் வழுக்குதுன்னு போயிருப்பீங்க, அவர் கிளட்சை மாத்திக் கொடுத்திருப்பார். லோடு நிக்குது, சீக்கிரம்னு சொல்லியிருப்பீங்க." தொழில்காரனை இன்னொரு தொழில்காரன் இப்படிக் காப்பாற்றி நான் அதிகம் பார்த்ததில்லை. கியர் பாக்ஸை இறக்கிப் புது சீல், புது பிளேட் போட்டார்; பார்த்துக் கண்டுபிடித்த நேரத்துக்குப் பத்து பைசா வாங்கவில்லை. பிரீதரைச் சுத்தம் செய்த கடைப்பையனைக் கூப்பிட்டு, எந்த இடத்தில் அடைத்திருந்தது என்று என் எதிரில் அவனையே சொல்லவைத்தார்.

இப்போது என் பேரன் வண்டியில் ஸ்கேனரைச் செருகுகிறார்கள். எழுத்தும் எண்ணுமாகக் கோடு வருகிறது. நல்ல வசதிதான். ஆனால் கோடு வந்ததும் அந்தப் பாகத்தைக் கழற்றி எறிந்து புதிது மாட்டுகிற அவசரத்தையும் பார்க்கிறேன். கசிவைக் காட்டினால், கசிந்தது ஏன் என்று இன்னொரு தரம் கேட்க ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.

அதற்காக அந்த எஞ்சின் போர் வேலைக்குத் தப்பிவிட்டது என்று நினைக்க வேண்டாம். சில வருஷம் கழித்து நீலப் புகை திரும்ப வந்தது. பிரீதர் சுத்தமாக இருந்தது. கேஜில் இரண்டு சிலிண்டர் இறங்கிப்போயிருந்தன. "இப்ப பிரிக்கலாம் தம்பி" என்றார் பாய். பிளாக்கைக் கோயம்புத்தூர் லேத்துக்கு அனுப்பிப் போர் போட்டு, ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்டினோம். ஏற்றிக்கொண்டு போனவன் மச்சினன்தான். காயலான் கடையைப் பற்றி அவன் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.