திரைச்சீலையும் ஹலாலான சம்பாத்தியமும்



ஹஜ் விண்ணப்பத்திற்காகப் புகைப்படம் எடுத்துக்கொண்டவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். முகம் தெளிவாக இருந்தால் மட்டும் போதாது; பின்னணியும் வெண்மையாக இருக்க வேண்டும். கடவுச்சீட்டுக்கும் அப்படியே, பின்னால் நிழல் விழுந்தாலும் படத்தை ஏற்க மறுப்பார்கள். முகத்திற்குப் பின்னால் யாரும் பார்க்காத சில அடி வெண்மைக்கு இவ்வளவு மதிப்பு! அதைப் பற்றி மத்ரஸாவில் பாடம் நடத்தும் நாம் எழுத என்ன இருக்கிறது என்று வாசகர்கள் எண்ணலாம். ஓர் இளைஞரின் வாழ்வாதாரமும் வட்டியின் வாசற்படியும் அந்தப் பின்னணியோடு பின்னிக் கிடந்ததால் எழுத நேர்ந்தது.

அம்பத்தூரில் நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர், திருமண வீடுகளில் புகைப்பட உதவியாளராகச் சில ஆண்டுகள் உழைத்துவிட்டு, ஆவடியில் பத்தடிக்குப் பதினான்கடி அளவில் ஒரு கடையை வாடகைக்கு எடுத்தார். முன்பணம் அவருடைய தாயார் வளையலை விற்றுக் கொடுத்தது. கேமராவும் இரண்டு விளக்குகளும் சொந்தமாக இருந்தன. பின்னணித் திரைகள்தாம் இல்லை. சுருட்டி விரிக்கும் திரைகள், தாங்கிகள், வண்ணத்தாள் சுருள்கள் அனைத்தையும் மாதத் தவணையில் தருவதாக ஒரு விற்பனையாளர் சொல்லியிருந்தார். தவணையில் வட்டி கலந்திருந்தது. ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் அவர் நம்மிடம் வந்தார்.

"ஹஜ்ரத், கடை திறந்து இருபது நாளாச்சு. வர்றவங்க வெறும் செவுத்தப் பாத்துட்டுத் திரும்பிப் போயிடுறாங்க. இந்த ஒரு தடவ மட்டும் தவணைல எடுத்துக்கட்டுமா?"

கூடாது என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் அந்த நேரத்தில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களைப் பற்றிய அறிவிப்பு நினைவுக்கு வந்தது. உருவங்களைச் செய்து பிழைக்கும் ஒருவர் அவர்களிடம் வந்து தம் தொழிலைப் பற்றிக் கேட்கிறார். நபி (ஸல்) அவர்களிடமிருந்து தாம் கேட்ட எச்சரிக்கையை இப்னு அப்பாஸ் (ரலி) எடுத்துச் சொல்கிறார்கள். வந்தவர் கலங்கிப் போகிறார். அவரை அப்படியே அனுப்பிவிடாமல், செய்தே ஆக வேண்டுமென்றால் மரங்களையும் உயிரற்றவற்றையும் வரைந்துகொள் என்று ஒரு வழியைக் காட்டுகிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்ற செய்தி இது. ஒரு கதவை மூடச் சொல்பவர் இன்னொரு கதவு எங்கே இருக்கிறது என்றும் காட்ட வேண்டும் என்பதே நாம் இதிலிருந்து பெற்ற பாடம்.

புகைப்படத் தொழில் பற்றியே அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எகிப்தின் முஃப்தியாக இருந்த முஹம்மது பகீத் அல்முதீஈ போன்றோர், கேமரா செய்வது நிழலைப் பிடித்து வைக்கும் வேலையே, கையால் உருவம் படைப்பதன்று என்று கூறி அனுமதித்தார்கள். அவசியத் தேவைகளுக்கு மட்டுமே அனுமதித்தவர்களும் உண்டு. அடையாள அட்டை, கடவுச்சீட்டு, ஹஜ் போன்றவை அத்தேவைகளில் அடங்கும். எனவே அத்தகைய படங்களையே கடையின் முதன்மை வேலையாக வைத்துக்கொள்ளுமாறும், மற்றவற்றில் கண்ணியத்தைப் பேணுமாறும் மாணவரிடம் கூறினோம். வட்டியில் மட்டும் விட்டுக்கொடுக்க இடமில்லை என்றோம். பிறகு இருவருமாக அமர்ந்து, உண்மையில் அவருக்குத் தேவைப்படுவது என்ன என்று கணக்கிடத் தொடங்கினோம்.

முதலில் தெரிந்தது, தேவை என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி பழக்கம் என்பதே. சென்னையில் புகைப்படச் சங்கம் தோன்றியது 1856ஆம் ஆண்டில். பின்னர் சிற்றூர்கள் வரை பரவிய ஸ்டுடியோக்களில், ஓவியர்கள் துணியில் தீட்டிய தூண்களும் படிக்கட்டுகளும் பூந்தோட்டங்களுமே பின்னணியாக நின்றன. குடிசையில் வாழ்ந்த குடும்பமும் மாளிகை முன் நின்று படம் எடுத்துக்கொண்டது. அத்தகைய பழைய ஸ்டுடியோப் படங்களைப் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தேடி எடுத்து, மின்னுருவாக்கிப் பாதுகாத்திருக்கிறார்கள். அந்த மாளிகைகள் எல்லாம் துணியும் வண்ணமும் பசையும்தான். நம் மாணவருக்கு மாளிகைகூடத் தேவையில்லை. ஒரு வெள்ளையும் ஒரு சாம்பலும் போதும்.

வெள்ளைக்குத் துணியே வேண்டாம். கடையின் பின்சுவரில் பளபளப்பில்லாத வெள்ளை வண்ணத்தைப் பூசினால் அதுவே திரை. விளம்பரப் பலகைக்கு அச்சிடும் ஃபிளெக்ஸ் மலிவு என்று சிலர் வாங்குகிறார்கள். அது விளக்கொளியை வாங்கிக் கண்ணைக் கூசும்படித் திருப்பி அனுப்பும், மடித்த தடமும் போகாது. தாள் சுருள் அழகானதுதான். ஆனால் அதன் வழக்கமான முழு அகலம் 2.72 மீட்டர், ஏறக்குறைய ஒன்பதடி. பத்தடி அறையில் தாங்கிகளுக்கு இடமிருக்காது. காலடி பட்டு அழுக்கான பகுதியை வெட்டி எறிந்துகொண்டே இருக்க வேண்டும். அது தீராத செலவு.

சாம்பல் நிறத் திரைக்காக ஆவடியிலிருந்து மின்சார ரயிலில் கடற்கரை நிலையம் வரை சென்று, கோடவுன் தெருவில் அகலமான காடாத் துணி வாங்கினோம். தையற்காரரிடம் துணியைக் கிடைவாட்டில் வைத்து இணைக்கச் சொன்னோம். அப்போது தையல் முழங்காலுக்குக் கீழே போய்விடும், முகத்தின் பின்னால் வராது. பளபளப்பற்ற சாம்பல் வண்ணத்தை நீர்த்து, உருளையால் இருமுறை பூசி, மொட்டைமாடியில் உலர்த்தினோம். மடித்து வைத்தால் கோடு விழும் என்பதால் பிளாஸ்டிக் குழாயில் சுருட்டி வைத்தோம். ஆன மொத்தச் செலவு, அந்தத் தவணையின் இரண்டு மாதத் தொகைக்கும் குறைவு.

ஒரே சாம்பல் துணி பல நிறங்களைத் தரும் என்பதை மாணவரே நமக்குக் காட்டினார். விளக்கு முகத்திலிருந்து நான்கடி தூரத்திலும், துணி முகத்திற்குப் பின்னால் இன்னும் நான்கடி தள்ளியும் இருந்தால், விளக்கிலிருந்து துணிக்கு எட்டடி. தூரம் இரு மடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறையும். துணி கருமையாகத் தெரியும். துணிக்குத் தனியாக ஒரு விளக்கைத் திருப்பினால் அதே துணி வெளிறிவிடும். ஆளைத் திரையிலிருந்து தள்ளி நிறுத்துவதால் நிழலும் பின்னால் விழாது, சிறு சுருக்கங்களும் மங்கி மறையும். பணம் கொடுத்து வாங்க நினைத்ததில் பாதியை நான்கடி இடைவெளியே கொடுத்துவிட்டது. சுப்ஹானல்லாஹ்!

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வீட்டில் உருவங்கள் வரைந்த திரை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். பயணத்திலிருந்து திரும்பிய நபி (ஸல்) அவர்கள் அதை வெறுத்தபோது, அத்துணி வீணாக எறியப்படவில்லை, ஓரிரு தலையணைகளாயிற்று. உருவங்களைப் பற்றிய சட்டத்திற்காக இந்த ஹதீஸை நாம் பலமுறை பாடம் நடத்தியிருக்கிறோம். ஒரு முழத் துணியையும் வீணாக்காத அந்த வீட்டின் சிக்கனம், வண்ணம் பூசி மீந்த காடாத் துண்டைக் கையில் வைத்திருந்தபோதுதான் கண்ணில் பட்டது. அந்தத் துண்டு இப்போது கேமராவைத் துடைக்கிறது.

கடை இன்று செழித்துவிட்டது என்று சொல்ல மாட்டோம். கைப்பேசியில் எல்லோரும் படம் எடுக்கும் காலம் இது. சில மாதங்களில் வாடகைக்கே இழுபறியாகிறது. அப்போது பூந்தமல்லியில் திருமண வேலைக்கு உதவியாளராகப் போய்வருகிறார். ஆயினும் அவருடைய தலைமேல் வட்டிக் கடன் இல்லை. இழுபறியான மாதத்தில் தவணையும் சேர்ந்திருந்தால் கேமராவே போயிருக்கும் என்று அவரே சொன்னார். ஹஜ் விண்ணப்பத்திற்காக வரும் முதியவர்களை நாற்காலியில் அமரவைத்து, நிழல் விழாமல் ஒரே முயற்சியில் எடுத்துத் தருகிறார் என்று ஜமாஅத்தில் பேசிக்கொள்கிறார்கள். தாயாருக்கு வளையலை இன்னும் மீட்டுத் தர முடியவில்லை. அது அவருடைய துஆவில் இருக்கிறது, நம்முடையதிலும் இருக்கிறது.

வாசகச் சகோதர சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். நம் திருமணங்களில் மேடைக்காகக் கட்டும் வெல்வெட் துணிகள் சில, ஓரிரவுக்குப் பின் மூட்டையாகக் கிடக்கின்றன. வெல்வெட் ஒளியைத் திருப்பி அடிக்காது. சிறு ஸ்டுடியோவுக்கு நல்ல திரையாகும். அருகில் தொழில் தொடங்கும் பிள்ளை யாராவது இருந்தால் கேட்டுக் கொடுங்கள். வசதியுள்ளவர்கள் கர்ளன் ஹஸனாவாக, வட்டியில்லா அழகிய கடனாக, ஒரு சிறு தொகையை முன்வைத்தால் எத்தனையோ பிள்ளைகள் தவணைக் கடையின் படியேறாமல் இருப்பார்கள். வட்டி ஹராம் என்று மிம்பரில் நாம் சொல்கிறோம். அதைக் கேட்டு எழுந்து போகும் இளைஞர் மறுநாள் காலை எங்கே போவார் என்பதும் நம் பொறுப்பில் சேர்ந்ததே.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் உழைப்பில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.