பெரிய கேமராவுக்கு எந்த லென்ஸ்?

லார்ஜ் ஃபார்மட் கேமரா என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது பழைய ஸ்டூடியோதான். மூன்று கால் ஸ்டாண்டு, நீண்டு சுருங்கும் துருத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்திருக்கும் போட்டோகிராபர். தாத்தா காலத்துச் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. 4×5 அங்குலத் தாள் ஃபிலிமை இல்ஃபோர்ட் கம்பெனி இன்றும் தயாரிக்கிறது. அதில் படம் எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். புதிதாக இறங்குகிற ஒவ்வொருவரும் முதலில் முட்டி நிற்கும் கேள்வி ஒன்றுதான்: எந்த லென்ஸ் வாங்குவது?

சின்ன கேமராவில் இதற்குப் பாதி பதிலை கம்பெனியே சொல்லிவிடும். அந்தந்த கேமராவுக்கு அந்தந்த மவுண்ட். இங்கே அப்படி இல்லை. முன்னால் ஒரு பலகை, பின்னால் ஃபிலிம், நடுவில் துருத்தி. கேமரா என்றால் அவ்வளவுதான். பலகையில் ஓட்டை போட்டு யாருடைய லென்ஸையும் மாட்டலாம். ஷ்னைடர், ரோடன்ஸ்டாக், நிக்கான், ஃபூஜி, நூறு வருடத்துக்கு முந்தைய பித்தளை லென்ஸ்... எல்லாம் ஏறும். தலைவலியும் அங்கேதான் ஆரம்பம். பலகையில் ஏறிவிட்டது என்பதற்காக ஃபிலிமுக்குப் போதும் என்று சொல்லிவிட முடியாது.

முதலில் குவியத் தூரம். ஃபிலிமின் மூலைவிட்டம் எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு குவியத் தூரம் உள்ள லென்ஸ்தான் 'நார்மல்'. 35 மி.மீ. ஃபிலிமில் மூலைவிட்டம் 43 மி.மீ., அதனால் அங்கே 50 மி.மீ. லென்ஸ் சாதாரணம். 4×5-ல் படம் விழும் பகுதி ஏறத்தாழ 96×120 மி.மீ. அதன் மூலைவிட்டம் 154. ஆகவே இங்கே 150 மி.மீ. லென்ஸ் நார்மல், 90 மி.மீ. அகலக் கோணம். 8×10 கேமராவில் நார்மலே 300 மி.மீ. ஆகிவிடும்.

அடுத்துதான் முக்கியமான விஷயம். லென்ஸ் தரும் பிம்பம் சதுரமோ செவ்வகமோ இல்லை, வட்டம். அந்த வட்டத்துக்குள் ஃபிலிம் முழுதாக அடங்க வேண்டும். அடங்கினால் மட்டும் போதாது, மிச்சமும் இருக்க வேண்டும். ஏன் என்றால் இந்தக் கேமராவின் முழு சுகமே லென்ஸை மேலே, கீழே, பக்கவாட்டில் நகர்த்துவதில்தான் இருக்கிறது. ஒரு கோபுரத்தை எடுக்க கேமராவை அண்ணாந்து தூக்கினால் கோபுரம் பின்னால் சாய்ந்துவிடும். கேமராவை நேராகவே வைத்து லென்ஸ் பலகையை மட்டும் உயர்த்தினால் கோபுரம் நிமிர்ந்து நிற்கும்.

சின்னக் கணக்கு ஒன்று. ஃபிலிமை நெடுக்காக வைத்து லென்ஸை 30 மி.மீ. உயர்த்துவதாக வைத்துக்கொள்ளலாம். ஃபிலிமின் பாதி அகலம் 48. பாதி உயரம் 60, அதோடு 30 சேர்த்தால் 90. பத்தாம் வகுப்பு பிதாகரஸை அழைத்தால் 102 வரும். அது ஆரம். விட்டம் 204 மி.மீ. ஆக, 204 மி.மீ. வட்டம் தராத லென்ஸில் கோபுரத்தின் உச்சிக்கு இருபுறமும் மூலைகள் கறுத்துவிடும்.

இப்போது பழைய லென்ஸ் சந்தையில் ஷ்னைடர் கம்பெனியின் இரண்டு 90 மி.மீ. லென்ஸ்களைப் பார்க்கலாம். ஒன்று ஆங்குலான், எஃப் 6.8. உள்ளங்கையில் அடங்கும், விலையும் குறைவு. இன்னொன்று சூப்பர் ஆங்குலான், எஃப் 8. உருவமும் பெரிது, கனமும் அதிகம். எஃப் எண்ணை மட்டும் பார்த்தால் முதலாவதுதான் லாபம் மாதிரி தெரியும். ஆனால் ஆங்குலானின் வட்டம் 154 மி.மீ. ஃபிலிமின் மூலைகளைத் தொடுவதோடு சரி, அசைக்க இடமில்லை. சூப்பர் ஆங்குலானின் வட்டம் 216. மேலே போட்ட கோபுரக் கணக்கு இதில் அடங்கிவிடும். பெயரில் ஒரு 'சூப்பர்'தான் வித்தியாசம். அதைக் கவனிக்காதவர் கட்டடம் எடுக்க ஆசைப்பட்டு, கட்டடம் எடுக்க முடியாத லென்ஸை வாங்கி வந்துவிடுவார்.

இந்த வட்டத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் பிரெஞ்சுக்காரர் யூஜின் அட்ஜேயின் படங்களைப் பார்க்கலாம். 1927-ல் இறந்தவர். பழைய பாரிஸின் தெருக்களையும் வாசல்களையும் 18×24 செ.மீ. கண்ணாடித் தகடுகளில் எடுத்துக் குவித்தவர். அவருடைய பல படங்களில் மேல் மூலைகள் வளைந்து கறுத்திருக்கும். லென்ஸின் வட்டம் தாங்கும் அளவுக்கு மேல் அதை உயர்த்தியதன் அடையாளம் அது. அவர் எடுத்ததால் அதுவும் அழகாக இருக்கிறது. எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது!

சரி, ஷார்ப்னெஸ்? புதிதாக வருபவர்கள் அதிகம் கவலைப்படுவது இதற்குத்தான். ஆனால் 4×5-ல் பெரும்பாலான படங்கள் எஃப் 22-ஐ ஒட்டித்தான் எடுக்கப்படுகின்றன. அவ்வளவு சின்னத் துளையில் நல்ல கம்பெனி லென்ஸ்களுக்கு நடுவே வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். போதாததற்கு ஃபிலிமே பெரிது, அதிகம் பெரிதாக்கத் தேவையில்லை. எட்வர்ட் வெஸ்டன் தன் 8×10 நெகட்டிவைத் தாளின் மேல் வைத்து அதே அளவில்தான் பிரின்ட் போட்டார். லென்ஸின் சின்னக் குறைகள் அங்கே கண்ணுக்கே தெரியாது. ஷார்ப்னெஸுக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் மனத் திருப்திக்குத்தான்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை இன்னும் இரண்டு. ஒன்று, துருத்தியின் நீளம். தூரத்துக் காட்சிக்கு 150 மி.மீ. லென்ஸுக்கு 150 மி.மீ. நீட்டினால் போதும். ஒரு பூவை அதன் நிஜ அளவில் எடுக்க 300 வேண்டும். துருத்தியே 300-தான் நீளும் என்றால் 300 மி.மீ. சாதாரண லென்ஸை மாட்டிக்கொண்டு தொலைவில் இருக்கும் மலையை மட்டுமே எடுக்கலாம். இரண்டு, ஷட்டர். இந்தக் கேமராவில் ஷட்டர் லென்ஸோடு வரும். பழைய ஷட்டரில் முதலில் மெதுவாகிப் போவது ஒரு வினாடி, அரை வினாடி வேகங்கள்தான். எஃப் 22-ல் அடிக்கடி தேவைப்படுவதும் அவையே. ஆகவே அவற்றை ஓடவிட்டுக் காதால் கேட்டுப் பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது.

எத்தனை லென்ஸ் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஆன்செல் ஆடம்ஸின் கதை ஒன்று உண்டு. 1941-ல் நியூ மெக்சிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற ஊர் வழியாகக் காரில் வந்தவர், நிலவு எழுந்திருப்பதையும் கல்லறைச் சிலுவைகளில் கடைசி வெயில் படுவதையும் பார்த்து வண்டியை நிறுத்தினார். அவரிடம் இருந்தது 8×10 கேமராவும் குக் கம்பெனியின் கழற்றி மாட்டும் லென்ஸும். முழுதாக வைத்தால் ஒரு குவியத் தூரம், பாதி பாதியாகப் பிரித்தால் வேறு இரண்டு. அதில் 23 அங்குலப் பாதியைப் பயன்படுத்தினார். லைட் மீட்டர் கைக்கு அகப்படவில்லை. நிலவின் வெளிச்சத்தை மனதிலிருந்தே கணக்கிட்டு, எஃப் 32-ல் ஒரு வினாடி கொடுத்தார். ஃபிலிம் ஹோல்டரைத் திருப்பி இரண்டாவது படம் எடுப்பதற்குள் வெயில் போய்விட்டது. தன் லென்ஸை மனப்பாடமாக அறிந்திருந்தவருக்கே ஒரு படம்தான் கிடைத்தது. பை நிறைய லென்ஸோடு எதை மாட்டலாம் என்று யோசித்து நின்றிருந்தால் அதுவும் கிடைத்திருக்காது.

காமர்ஸ் புத்தகத்தில் நிலையான செலவு, மாறும் செலவு என்று இரண்டு உண்டு. லென்ஸ் முதல் வகை, ஒருமுறை கொடுத்தால் தீர்ந்தது. ஃபிலிம் இரண்டாம் வகை, ஒவ்வொரு தாளுக்கும் காசு. கையில் இருப்பதையெல்லாம் லென்ஸில் கொட்டியவர் பிறகு ஷட்டரை அழுத்தவே பயப்படுவார். நிக்கான் கம்பெனி 2006-லேயே இந்த வகை லென்ஸ்களை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. அதனால் பெரும்பாலும் கைமாறி வந்ததைத்தான் வாங்க வேண்டியிருக்கும். அதில் ஒன்றும் கேவலமில்லை.

200 மி.மீ.க்கு மேல் வட்டம் தரும் 150 மி.மீ. லென்ஸ் ஒன்று, ஷட்டர் சரியாக ஓடினால் எந்த நல்ல கம்பெனியானாலும் சரி. கட்டடம்தான் ஆசை என்றால் அதற்குப் பதில் 90, சூப்பர் என்ற சொல்லை மறக்காமல். மிச்சக் காசுக்கு ஒரு பெட்டி ஃபிலிம். அந்தப் பெட்டி தீரும்வரை இரண்டாவது லென்ஸைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.