எந்த மூட்டை நிறுத்துவது, எதை விடுவது: குமரி மாவட்டத்தில் கைக்கட்டும் ஸ்பிளின்டும்

அடிபட்ட கைக்கு ஸ்பிளின்ட் தேர்ந்தெடுக்கும்போது முதலில் தீர்மானிக்க வேண்டியவை இரண்டு: எந்த மூட்டு அசையாமல் நிற்க வேண்டும், எது அசைந்துகொண்டே இருக்க வேண்டும். பொருள், நீளம், பட்டையின் இறுக்கம் எல்லாம் அதற்குப் பிறகுதான். மணிக்கட்டிலிருந்து விரல்நுனி வரை 27 எலும்புகள் உள்ள உறுப்பு கை. அதில் ஒரு விரல் எலும்பு முறிந்ததற்காகக் கை முழுவதையும் வாரக்கணக்கில் கட்டி வைத்தால், முறிவு கூடிவிடும். ஆனால் அடிபடாத விரல்களும் மடங்க மறுக்கும்.

குமரி மாவட்டத்தில் கைக்கு வரும் கேடு பெரும்பாலும் தொழிலிலிருந்தே வருகிறது. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டுத் தொழிலாளி விடியுமுன்னே தொடங்கி, மரத்துக்கு மரம் ஒரே கோணத்தில் கத்தியை இழுக்கிறார். மணிக்கட்டின் பெருவிரல் பக்கம் தசைநாண் உறை வீங்கி வலிக்க இது போதும். அண்டி ஆபீஸ் என்று ஊரார் சொல்லும் முந்திரி ஆலைகளில் கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்கள் மடங்கிய இடத்தில் சிக்கிக்கொள்கின்றன. குளச்சலிலும் தேங்காப்பட்டணத்திலும் மீன்பிடி வேலையில் கயிறு சுற்றி விரல் முறிவதும், தூண்டில் முள்ளோ கத்தியோ பட்டு தசைநாண் அறுவதும் உண்டு. பனையிலிருந்தோ தென்னையிலிருந்தோ விழுபவர் கையை ஊன்றி விழுகிறார், மணிக்கட்டு முறிகிறது. இவை எல்லாவற்றுக்கும் மருந்துக்கடையில் தொங்கும் ஒரே கறுப்பு ரிஸ்ட் பெல்ட்டை வாங்கி மாட்டிக்கொள்வது இங்கே பரவலான பழக்கம். பலருக்கு அதனால் பயனில்லை.

இந்த மாவட்டத்துக்கு எலும்புமுறிவு வைத்தியத்தில் நீண்ட மரபு உண்டு. வர்மம் கற்ற ஆசான்கள் அடிமுறையோடு ஒடிவு, முறிவு, சதைவுக்கான கட்டும் கற்றார்கள். முஞ்சிறையில் சித்த மருத்துவம் கல்லூரிப் படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது. ஆசானின் கட்டில் வரிசை ஒன்று உண்டு. முறிந்த இடத்தைத் தடவி அறிந்து, இழுத்து நேராக்கி, முறிவெண்ணெயோ காயத்திருமேனி எண்ணெயோ நனைத்த துணியைச் சுற்றுவார்கள். அதன் மேல் சீவி வழுவழுப்பாக்கிய மூங்கில் தப்பைகளை வரிசையாக வைத்துத் துணியால் கட்டுவார்கள். சிலர் உளுந்து மாவையும் முட்டை வெள்ளைக்கருவையும் குழைத்துப் பூசி உறையவிடுவதும் உண்டு. நல்ல ஆசானின் கட்டில் இரண்டு நன்மைகள் இருக்கின்றன. சில நாளுக்கு ஒருமுறை அவிழ்த்துப் பார்த்து மீண்டும் கட்டுவதால், வீக்கம் வற்றியபின் கட்டு தளர்ந்து கிடப்பதில்லை. விரல்களை வெளியே விட்டு அசைக்கவும் சொல்கிறார்கள்.

குறைகளும் உண்டு, அவை சிறியவை அல்ல. எக்ஸ்ரே இல்லாமல் விரலால் தடவிப் பார்ப்பதால் மட்டும் மூட்டுக்குள் ஓடிய முறிவைக் கண்டுகொள்ள முடியாது. வீங்கிக்கொண்டிருக்கும் கையில் தப்பையை இறுக்கிக் கட்டினால் இரத்த ஓட்டம் தடைபட்டுத் தசை செத்துப்போகும். செத்த தசை சுருங்கி விரல்களை நிரந்தரமாக உள்ளிழுத்துவிடும். இதை ஜெர்மானிய மருத்துவர் ரிச்சர்ட் ஃபோன் ஃபோல்க்மன் 1881-இல் விவரித்தார். முழங்கைக்கு அருகே எலும்பு முறிந்த குழந்தைகளிடம் இந்தக் கேடு கூடுதல். கட்டியது ஆசானா, மருத்துவமனையா என்பது இதில் வேறுபாடு செய்யாது. இறுக்கிய மாவுக்கட்டும் இதையே செய்யும்.

ஆகவேதான் புதிதாக அடிபட்ட கைக்கு முதல் நாளே முழு உருளையாக மாவுக்கட்டு போடாமல், ஒரு பக்கம் மட்டும் தாங்கும் பாதிக்கட்டு போடுகிறார்கள். ஸ்லாப் என்பது அதன் மருத்துவமனைப் பெயர். மாவுக்கட்டு அறையில் நின்று பார்த்தால் வேலையின் நுட்பம் தெரியும். பிளாஸ்டர் துணியை எட்டு முதல் பத்து மடிப்பாக அளந்து மடித்து, இளஞ்சூட்டுக்கு மேல் போகாத நீரில் அமிழ்த்துகிறார்கள். இறுகும்போது அந்த மாவு தானாகவே சூடாகும். கொதிநீரில் நனைத்தால் தோல் வெந்துவிடும். பஞ்சு சுற்றிய கையில் ஸ்லாப்பை வைத்து உள்ளங்கையால் மட்டும் தடவுகிறார்கள். விரல்நுனி அழுத்திய குழி உள்ளே மேடாகி, பின்னால் புண்ணாகும்.

மணிக்கட்டு ஸ்லாப் எங்கே முடிகிறது என்பதில்தான் கட்டுபவரின் தேர்ச்சி தெரியும். மேலே முன்கையில் மூன்றில் இரண்டு பங்கு நீளமாவது இருக்க வேண்டும். கீழே உள்ளங்கையின் குறுக்கு ரேகைகளுக்கு முன்பே நின்றுவிட வேண்டும். ஒரு விரற்கடை கூடினாலும் விரல்கள் அடிமூட்டில் மடங்க முடியாது. விரல் மூட்டுகளையும் சேர்த்துக் கட்டியே ஆக வேண்டிய காயம் என்றால் அவற்றின் நிலை முக்கியம்: மணிக்கட்டு 20 முதல் 30 பாகை பின்னே சாய்ந்து, அடிமூட்டுகள் 70 முதல் 90 பாகை மடங்கி, மற்ற விரல் மூட்டுகள் நேராக. அடிமூட்டின் பக்கத் தசைநார்கள் மடங்கிய நிலையில்தான் முழு நீளத்துக்கு விரிந்திருக்கும். நேராக வைத்து வாரக்கணக்கில் விட்டால் அவை குறுகிவிடும். பிறகு முஷ்டி பிடிக்க முடியாது. கையைத் தட்டையான பலகையில் விரித்துக் கட்டும் பழைய பழக்கத்தை ஒழிக்க வேண்டியதற்குக் காரணம் இதுதான்.

விரல் காயங்களில் ஸ்பிளின்ட் சிறியதாக இருப்பதே நல்லது. பந்து பட்டு விரல்நுனி தொங்கிப்போனால் நுனி மூட்டை மட்டும் நேராகத் தாங்கும் சிறு ஸ்பிளின்ட் போதும். நடு மூட்டு தாராளமாக மடங்கலாம். ஆனால் ஆறு முதல் எட்டு வாரம் இடைவிடாமல் அணிய வேண்டும். கழுவுவதற்காகக் கழற்றும்போதும் நுனியை மேசைமேல் நேராகத் தாங்கியிருக்க வேண்டும். ஒருமுறை தொங்கவிட்டாலே ஒட்டத் தொடங்கியது பிரிந்து, கணக்கு முதலிலிருந்து தொடங்கும். நடு மூட்டுச் சுளுக்குக்கும் விலகாத சிறு முறிவுக்கும் பக்கத்து விரலோடு சேர்த்து ஒட்டி, அசைய விடுவதே பல சமயம் போதுமானது. அண்டி ஆபீஸ் பெண்ணின் சிக்கும் விரலுக்கு அடிமூட்டை மட்டும் மடங்காமல் தடுக்கும் வளையம் பயன்படும்.

பால்வெட்டுக்காரரின் வலிக்குப் பெருவிரலின் அடியையும் மணிக்கட்டையும் சேர்த்து நிறுத்தும் ஸ்பிளின்ட் தேவை. பெருவிரல் நுனி மூட்டை விட்டுவிடலாம். பெருவிரல் சேராத ரிஸ்ட் பெல்ட் இவருக்கு உதவாது. இரவில் விரல்கள் மரத்துப்போகும் மணிக்கட்டு நரம்பு நெருக்கத்துக்கு அதே பெல்ட் உதவும், ஒரு திருத்தத்தோடு: உள்ளே இருக்கும் தகடு பெரும்பாலும் கையைப் பின்னே சாய்த்தே வளைக்கப்பட்டிருக்கும். அதை உருவி நேராக்கிச் செருகி, தூங்கும்போது அணிய வேண்டும்.

கையூன்றி விழுந்தபின் பெருவிரலடிக் குழியில் அழுத்தினால் வலிக்கிறதென்றால், எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாவிட்டாலும் மணிக்கட்டின் படகெலும்பு முறிந்ததாகவே கொள்ள வேண்டும். அந்த முறிவு முதல் படத்தில் மறைந்திருப்பது உண்டு. பெருவிரலையும் சேர்த்துக் கட்டி, பத்து பதினான்கு நாளில் மறுபடி படம் எடுப்பது வழக்கம். சுளுக்கு என்று எண்ணெய் தடவி விட்டால், இரத்த ஓட்டம் குறைந்த அந்த எலும்பு கூடாமலே போகலாம்.

அறுந்த மடக்கு நாணைத் தைத்த கை வேறு வகை. தசைநாண், கப்பியில் ஓடும் கிணற்றுக் கயிறுபோல, தன் உறைக்குள் வழுக்கி ஓட வேண்டியது. அசையாமல் விட்டால் உறையோடு ஒட்டிக்கொள்ளும். வலிந்து அசைத்தால் தையல் அறும். இதற்குப் புறங்கையில் வைக்கும் ஸ்பிளின்ட் விரல்கள் முழுதாக நிமிர்வதை மட்டும் தடுக்கும். உள்ளே சொல்லிக்கொடுத்த அளவுக்கு மடக்கலாம். இதைக் கைச் சிகிச்சை பயின்றவரே செய்ய வேண்டும். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசாமி தொடங்கிய கை அறுவைப் பிரிவு தமிழ்நாட்டில் இந்தத் துறைக்கு வேர் ஊன்றியது. அதற்கும் முன்பே கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவையாலும், சிறிது சிறிதாக நிமிர்த்திப் போடும் மாவுக்கட்டாலும் திருத்தினார். உணர்ச்சியற்ற கைக்கு ஸ்பிளின்ட் உறுத்துவது தெரியாது என்பது அவர் பணியிலிருந்து கிடைத்த பெரிய பாடம். தொழுநோயோ சர்க்கரை நோயோ நரம்பைக் கெடுத்திருந்தால் ஒவ்வொரு நாளும் கழற்றித் தோலைப் பார்க்க வேண்டும்.

பொருள் தேர்வில் ஊரின் தட்பவெப்பமும் சேரும். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டத்தில் மாவுக்கட்டு எளிதில் நனைந்து இளகும். வெந்நீரில் இளக்கிக் கையில் நேரடியாக வார்க்கும் பிளாஸ்டிக் தகடு கழுவத்தக்கது, மறுபடி திருத்தத்தக்கது. ஆனால் வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் உருக்குலையும். ரப்பர்த் துணியாலான பெல்ட்டுக்குள் வியர்வை தங்கித் தோல் வேகும். உள்ளே மெல்லிய பருத்தி உறை அணிவது நல்லது.

எந்தக் கட்டானாலும் போட்ட முதல் இரண்டு நாள் கையை இதயத்துக்கு மேல் உயர்த்தி வைத்து, விரல்களைக் கவனிக்க வேண்டும். விரல் வெளிறினாலோ நீலித்தாலோ, மரத்துப்போனாலோ, நிமிர்த்தும்போது தாங்க முடியாத வலி வந்தாலோ, கட்டை உடனே பஞ்சுவரை முழுவதும் தளர்த்திவிட்டு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனைக்கோ அருகில் உள்ள அவசரப் பிரிவுக்கோ செல்லுங்கள். கட்டியவர் காலையில் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தசை தாங்கும் நேரம் சில மணிதான்.